ஹைட்டி ஜாம்பியும் பேத்தை மீன் நஞ்சும்: ஒரு மறுப்பு

ஹைட்டி நாட்டின் ஜாம்பி நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வேதியியல் உண்மை ஒளிந்திருக்கிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பரவலாக ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. போக்கோர் எனப்படும் மந்திரவாதி, பேத்தை மீனின் நஞ்சு கலந்த பொடியை ஒருவர்மேல் தூவுகிறான். மூச்சும் நாடியும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட, மருத்துவரே ஏமாந்து இறப்புச் சான்று தருகிறார். புதைத்த அன்றிரவே போக்கோர் குழியைத் தோண்டி ஆளை வெளியே எடுத்து, ஊமத்தை கொடுத்துப் புத்தியைப் பேதலிக்கச் செய்து, தோட்ட வேலைக்கு அடிமையாக ஓட்டிப் போகிறான். பத்திரிகைகளின் அறிவியல் துணுக்குகளிலும் தொலைக்காட்சி ஆவணப்படங்களிலும் இது நிரூபணமான செய்தியாகவே உலவுகிறது. ஆனால் நஞ்சியல், மனநல மருத்துவம், ஹைட்டியின் வரலாறு ஆகிய மூன்றில் எதைக் கொண்டு உரசிப் பார்த்தாலும் இந்தக் கருத்து தேறுவதில்லை.

இதன் ஆணிவேர் க்ளேர்வியூஸ் நார்சிஸ் என்பவரின் கதை. 1962 ஏப்ரல் 30 அன்று டெஷாப்பெல் ஊரின் ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவமனையில் இவர் சேர்க்கப்பட்டார். மே 2 அன்று இறந்ததாகப் பதிவாயிற்று, மறுநாள் புதைக்கப்பட்டார். 1980இல் லெஸ்டேர் ஊர்ச் சந்தையில் ஒருவர் நார்சிஸின் சகோதரியிடம் வந்து, குடும்பத்தார் மட்டுமே அறிந்த சிறுவயதுப் பெயரைச் சொல்லித் தாமே நார்சிஸ் என்றார். நிலத் தகராறில் சகோதரன் தம்மை விற்றுவிட்டதாகவும், தோட்டம் ஒன்றில் இரண்டு ஆண்டு ஜாம்பியாக உழைத்ததாகவும், எஜமான் இறந்தபின் ஊர் ஊராக அலைந்ததாகவும் கூறினார். போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் மனநல மருத்துவர் லமார்க் தூயோன் குடும்ப வரலாறு குறித்துக் கேள்விகள் கேட்டுச் சோதித்தார். விடைகள் சரியாக இருந்தன. இவரும் அமெரிக்க மனநல மருத்துவர் நேதன் க்ளைனும் ஏதோ ஒரு மருந்தின் வேலை இது என்று சந்தேகித்தார்கள். அந்த மருந்தைத் தேடி 1982இல் ஹைட்டிக்கு வந்தவர் ஹார்வர்டின் தாவரவியல் மாணவர் வேட் டேவிஸ். அவர் 1983இல் ஆய்வுக் கட்டுரையும், 1985இல் ‘பாம்பும் வானவில்லும்’ என்ற நூலும் வெளியிட்டார். நூல் விற்றுத் தீர்ந்தது. 1988இல் வெஸ் க்ரேவன் அதைத் திகில் படமாக்கினார். நூலைப் படிக்காதவர்களுக்கும் பேத்தை மீன் அறிமுகமானது அப்போதுதான்.

டேவிஸ் திரட்டிய பொடிகளில் பேத்தை மீன், பெருந்தேரை, பல்லி, மனித எலும்பு, வாகை, தோலில் அரிப்பெடுக்க வைக்கும் சுணையுள்ள செடிகள், அரைத்த கண்ணாடி எனப் பலவும் இருந்தன. இவற்றில் முதன்மையானது மீனிலுள்ள டெட்ரோடோடாக்சின் என்று அவர் தீர்மானித்தார். இந்த நஞ்சு என்ன செய்யும் என்பதில் மர்மம் ஏதுமில்லை. நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை அது அடைத்துவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும்; பிறகு கைகால் தளரும்; முடிவில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். மரணம் நேர்வதானால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் நேர்ந்துவிடும். ஒரு நாளைத் தாண்டியவர் பிழைத்துக்கொள்வார். உடல் அசையாவிட்டாலும் பலருக்கு நினைவு தப்புவதில்லை. பிழைத்தவர்களின் அறிவு மழுங்குவதுமில்லை.

இந்த ஒழுங்கில் ஜாம்பிக்கு இடம் எங்கே? மூச்சு நின்றதாக மருத்துவரை நம்பவைக்கும் அளவுக்குத் தசைகள் ஓய்ந்தால் மூளைக்கு உயிர்வளி போகாது. அப்படிக் கிடப்பவர் செத்துப்போவார். அவ்வளவு ஓயாவிட்டால் மருத்துவர் ஏமாறமாட்டார். இரண்டுக்கும் நடுவே நூலிழை அளவு இடம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், கையளவாக அள்ளித் தூவும் ஒரு கலவையை வைத்து அந்த இழையில் ஒருவரைப் பல மணி நேரம் நிறுத்துவது தேர்ந்த மயக்க மருத்துவருக்கும் ஆகாத காரியம். இரண்டு மருத்துவர்கள் பார்த்துச் சான்றளித்து, குளிர் அறையில் கிடத்தி, பெட்டியில் வைத்து மண்ணுக்குள் இறக்கி, இரவில் தோண்டும் வரை நார்சிஸ் அந்த நிலையில் இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் பேத்தை மீன் விலை உயர்ந்த விருந்து. சரியாகச் சுத்தம் செய்யாத மீனால் நஞ்சேறுவது அங்கே இன்றும் நடக்கிறது. சிலர் இறக்கிறார்கள், பலர் பிழைக்கிறார்கள், யாரும் ஜாம்பியாகி வயலுக்குப் போவதில்லை. டேவிஸுக்கும் இந்தக் கேள்வி தெரியும். ஹைட்டிக்காரருக்கு ஜாம்பி நம்பிக்கை பிறப்பிலிருந்தே ஊறியது, ஜப்பானியருக்கு அது கிடையாது, அதனால்தான் விளைவு மாறுகிறது என்பது அவருடைய பதில். ஒரே நஞ்சு இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக முடிவதற்கு நம்பிக்கைதான் காரணம் என்றால், வேலை முழுவதையும் நம்பிக்கையே செய்துவிடுகிறது. மீனுக்கு எஞ்சும் வேலை என்ன என்பதை அந்தப் பதில் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் டேவிஸின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பொடி மட்டுமே ஜாம்பியை உண்டாக்கிவிடும் என்று அவர் ஒருபோதும் எழுதவில்லை. சமூகமும் நம்பிக்கையும் சேர்ந்தால்தான் அது நடக்கும் என்று வலியுறுத்தினார். அவர் பெயரைச் சொல்லிப் பரப்பியவர்கள் அந்தப் பாதியை வழியிலேயே விட்டுவிட்டார்கள்.

ஊமத்தையின் கதை இன்னும் பலவீனமானது. தமிழ்நாட்டில் குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் வளரும் இந்தச் செடியின் குணம் ஊரறிந்தது. தின்றவருக்கு வாய் உலரும், கண்மணி விரியும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிதற்றலும் ஆவேசமும் வரும். அவரைக் கட்டிப்போடவே ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர் வரிசையில் நின்று, சொன்னபடி குனிந்து நிமிர்ந்து, இரண்டு ஆண்டுகள் கரும்பு வெட்டினார் என்பதை எந்த மேஸ்திரியும் நம்பமாட்டார்.

பொடிகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? டெட்ரோடோடாக்சின் ஆய்வில் முன்னோடிகளான சி. ஒய். காவோ, தகேஷி யசுமோட்டோ இருவரும் டேவிஸின் பொடிகளில் இரண்டைப் பரிசோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். பொருட்படுத்தத்தக்க அளவில் நஞ்சு இல்லை. பொடிக்குக் கடுமையான காரத்தன்மை வேறு இருந்தது. அத்தகைய காரத்தில் டெட்ரோடோடாக்சின் சிதைந்துபோகும். வேறு ஆய்வகத்தில் மிகச் சிறிதளவு நஞ்சு கிடைத்ததாக டேவிஸ் தரப்பு வாதிட்டது. ஒரு பொடியை எலிகள்மேல் தடவியபோது அவை உணர்விழந்தன என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சோதனை முறையான ஆய்விதழ்க் கட்டுரையாக வரவில்லை. 1988இல் ‘சயன்ஸ்’ இதழ் இந்தச் சர்ச்சையை விரிவாக எழுதியபோது நஞ்சியலாளர்களின் பேச்சு மரியாதையின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நஞ்சு கிடைக்காததற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. மீனின் நஞ்சு பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறும். சில பொடிகள் வெறும் பொடியாகவே போகும். ஒன்று பலித்தாலே போதும். மீனின் நஞ்சு மாறுவது உண்மைதான். ஆனால் பலித்த அந்த ஒன்றை யாரும் காட்டவில்லை. நஞ்சு இருந்தாலும் கொள்கை வெல்லும், இல்லாவிட்டாலும் வெல்லும் என்றால் அதைச் சோதிக்கவே வழியில்லாமல் போகிறது. அந்தப் பொடிகள் தயாரான விதமும் கவனிக்கத்தக்கது. போக்கோர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரு வெளிநாட்டு ஆய்வாளருக்காக அவை செய்யப்பட்டன. அண்மையில் புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் சடலம் அதற்காகத் தோண்டி எடுக்கப்பட்டதை டேவிஸே பதிவு செய்திருக்கிறார். அவற்றில் எந்தப் பொடியும் எந்த ஜாம்பியின் உடலோடும் தொடர்புபடுத்தப்படவில்லை. நார்சிஸுக்கு 1962இல் எது கொடுக்கப்பட்டது, ஏதாவது கொடுக்கப்பட்டதா என்பதற்கு 1982இல் விலைக்கு வாங்கிய பொடி சாட்சியாக முடியாது.

அடுத்து வருவது சட்டம். ஹைட்டியின் தண்டனைச் சட்டமே ஜாம்பியாக்குவதைக் குற்றமாக அறிவித்திருக்கிறது, நடக்காத ஒன்றுக்கு யாராவது சட்டம் இயற்றுவார்களா என்று கேட்பார்கள். 246ஆம் பிரிவில் 1864இல் செய்த திருத்தத்தைத்தான் சொல்கிறார்கள். சாவை உண்டாக்காமல் நீண்ட உணர்வற்ற நிலையை உண்டாக்கும் பொருளைக் கொடுப்பது நஞ்சூட்டும் குற்றம் என்றும், அதன் விளைவாக ஆள் புதைக்கப்பட்டால் அது கொலை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஜாம்பி என்ற பேச்சே அதில் இல்லை. சட்டம் பிறந்த ஆண்டும் முக்கியமானது. அதிபர் ஃபாப்ர் ஜெஃப்ரார் 1860இல் வத்திக்கானோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தம் நாடு ‘நாகரிகமானது’ என்று ஐரோப்பாவுக்குக் காட்ட, மக்களின் நாட்டார் சமயமான வூடூ வழிபாட்டை ஒடுக்கிக்கொண்டிருந்தார். 1864 பிப்ரவரியில் பிசோத்தோன் என்ற ஊரைச் சேர்ந்த எட்டுப் பேர், குழந்தையைப் பலியிட்டுத் தின்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தலைநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு, அதே வேகத்தில் வந்தது இந்தத் திருத்தம். ஆட்சியாளரின் அச்சமும் அவமானமும் அதில் பதிவாகியிருக்கின்றன. சூனியக்காரிகளைத் தண்டிக்க இங்கிலாந்து நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அதை வைத்துச் சூனியம் பலித்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதுவதில்லை.

இந்த வழக்கின் உயிர்நிலை ஆள் அடையாளம். திரும்பி வந்தவர் உண்மையில் செத்தவர்தானா என்பது உறுதியாகாமல், அவர் எப்படிப் பிழைத்தார் என்று ஆராய்வது வீண். பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்ற வாதம் வலுவானதாகத் தோன்றும். ஆனால் 1936இல் என்னெரி என்ற ஊரில் ஒரு பெண் கந்தலாடையோடு அலைந்து வந்தாள். 1907இல் இறந்த ஃபெலிசியா ஃபெலிக்ஸ்-மென்டோர்தான் இவள் என்று குடும்பத்தார் அடையாளம் சொன்னார்கள். அமெரிக்க எழுத்தாளரும் நாட்டாரியல் அறிஞருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன் மருத்துவமனையில் அவளைப் படம்பிடித்துத் தம் 1938ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டார். முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளத் தவித்த அந்தப் பெண்ணின் படம்தான் உலகம் பார்த்த முதல் ‘ஜாம்பி’ ஒளிப்படம். ஹைட்டியின் மனநல மருத்துவர் லூயி மார்ஸ் செய்தது எளிய காரியம். இறந்த ஃபெலிசியா கால் எலும்பு முறிந்து நொண்டியவர். வந்தவளும் நொண்டினாள். மார்ஸ் அவள் காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார். முறிவின் தடமே இல்லை. சத்துள்ள உணவு கொடுத்ததும் நொண்டலும் போய்விட்டது. அவள் மனச்சிதைவு நோயாளி, யாரென்று தெரியாதவள் என்று 1945இல் மார்ஸ் எழுதினார். நார்சிஸின் கதையை உலகுக்குக் கொண்டுவந்த தூயோன் பணியாற்றிய மனநல மையத்துக்கு மார்ஸ், க்ளைன் இருவரின் பெயரும் சூட்டப்பட்டிருந்தது. அந்த எக்ஸ்ரேயின் பாடம் மட்டும் அங்கே நினைவுகூரப்படவில்லை போலும்.

நார்சிஸ் திரும்பிய 1980இல் மரபணு ஒப்பீட்டு முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது கைக்கு வந்தபின் நடந்த ஆய்வுதான் ரோலண்ட் லிட்டில்வுட், ஷவான் தூயோன் இருவரும் 1997இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. ஜாம்பி என்று ஊரார் நம்பிய மூவரை அவர்கள் நேரில் பரிசோதித்தார்கள். ஒரு பெண்ணுக்கு மனச்சிதைவு. குடும்பம் காட்டிய கல்லறையைத் திறந்தபோது உள்ளே கற்கள் இருந்தன. ஓர் இளைஞருக்கு மூளைப் பாதிப்பும் வலிப்பு நோயும். அவரைத் தம் பிள்ளை என்று சொன்ன பெற்றோரோடு அவருடைய மரபணு ஒத்துப்போகவில்லை. மூன்றாமவள் பிறவியிலேயே அறிவுத்திறன் குன்றிய பெண். ஆய்வாளர்கள், அவள் ஜாம்பியாக இருந்ததாகச் சொன்ன வடபகுதிச் சந்தைக்கே அவளை அழைத்துப் போனார்கள். சந்தையில் இருந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில், திருவிழா வாத்தியக் கூட்டத்தோடு ஊரைவிட்டுப் போன தங்கள் ஊர்ப் பெண் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே அவளுக்கு ஒரு மகளும் சகோதரனும் இருந்தார்கள். மரபணுவும் அந்த உறவையே காட்டியது. இரண்டு குடும்பமும் அவளை உரிமை கோரின. அவளை ஜாம்பியாக்கியது மறுதரப்புதான் என்று இரண்டும் குற்றம் சாட்டின.

எல்லா ஜாம்பிகளுக்கும் ஒரே விளக்கம் இருக்க வாய்ப்பில்லை என்றும், நஞ்சுக்கு எங்கும் இடமே இல்லை என்று அறுதியிட முடியாது என்றும் அந்த ஆய்வாளர்கள் நிதானமாகவே எழுதினார்கள். ஆனால் அவர்கள் கையில் கிடைத்த சான்று முழுவதும் வேறு திசையைக் காட்டுகிறது. மனநோயாலும் மூளை நோயாலும் வீட்டைவிட்டுப் போய் அலைபவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. துக்கம் ஆறாத குடும்பம் ஒன்று அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டு, இழந்த பிள்ளையின் சாடையைக் கண்டுகொள்கிறது. பேச்சில்லாத, பார்வை நிலைகுத்திய, பழைய நினைவில்லாத அவருடைய நிலைக்கு ஜாம்பி நம்பிக்கை ஒரு காரணத்தைத் தருகிறது. அவரை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு வழியையும் தருகிறது. நம் துணைக்கண்டத்திலும் இதற்கு இணை உண்டு. 1909இல் டார்ஜீலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட பாவல் ஜமீன் குமாரர், 1921 வாக்கில் டாக்காவில் சந்நியாசி உருவில் தோன்றியதாகக் குடும்பத்தில் ஒரு பகுதியினர் சாதித்தார்கள். வழக்கு 1946இல் பிரிவி கவுன்சில் வரை போய்ச் சந்நியாசியின் பக்கமே முடிந்தது. அங்கும் சொத்து, அங்கும் குடும்பப் பகை, அங்கும் எதிரெதிர்ச் சாட்சிகள். ஆனால் எரிந்த சிதைக்கும் மருத்துவர் சான்றுக்கும் விளக்கம் தேட வங்காளத்துக்கு எந்த மீன் ஆய்வாளரும் வரவில்லை.

ஜாம்பிகள் உழைத்ததாகச் சொல்லப்படும் தோட்டங்கள் எங்கே என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1804இல் விடுதலை பெற்றபின் பெருந்தோட்டங்கள் படிப்படியாக உடைந்து, ஹைட்டி சிறு விவசாயிகளின் நாடாயிற்று. கூலிக்கு ஆள் மலிவு. அப்படியிருக்க, ஆளை நஞ்சூட்டி, புதைத்து, தோண்டி, நாள்தோறும் மருந்து கொடுத்து வேலை வாங்குவது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. ஜாம்பிகளை வைத்து நடத்திய ஒரு தோட்டத்தைக் கூட அரசோ செய்தியாளர்களோ கண்டுபிடித்துக் காட்டியதில்லை.

நஞ்சு விளக்கத்தின் மிகப் பெரிய குறை, ஹைட்டியர்கள் சொல்லும் கதையை அது காதில் வாங்காததுதான். ஜாம்பியை ஆங்கில வாசகர்களுக்குப் பரப்பிய வில்லியம் சீப்ரூக்கின் 1929ஆம் ஆண்டு நூலில் டி ஜோசஃப் என்பவனின் கதை வருகிறது. 1918இல் அமெரிக்கருக்குச் சொந்தமான ஹாஸ்கோ கரும்பாலைக்கு அமோக விளைச்சல், ஆட்கள் தேவை. ஜோசஃப் கந்தல் உடுத்த, வெறித்த கண்களோடு கூடிய ஒரு கூட்டத்தை ஓட்டிவந்து பதிவு செய்கிறான். அவர்கள் வெயிலில் வெட்டுகிறார்கள். சனிக்கிழமை கூலியை ஜோசஃப் வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாக் கஞ்சிதான். ஒரு திருநாளில் அவன் மனைவி இரக்கப்பட்டு அவர்களைச் சந்தைக்கு அழைத்துப்போய்க் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். அதில் உப்பு இருக்கிறது. தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்கு உறைக்கிறது. அலறிக்கொண்டு மலையேறித் தங்கள் புதைகுழிகளைத் தேடிப் போகிறார்கள். இதில் மீனும் இல்லை, பொடியும் இல்லை. கூலி யார் கைக்குப் போகிறது என்பதுதான் கதை. உப்பையும் சோடியம் வாயில்களையும் யாரேனும் முடிச்சுப் போட முனைந்தால், வெளியிலிருந்து அடைபட்ட வாயிலை உப்புத் தின்று திறக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஆண்டும் தற்செயலானதாகத் தெரியவில்லை. 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்தது. 1864ஆம் ஆண்டின் ஊரகச் சட்டத்தில் தூங்கிக்கிடந்த கட்டாய வேலைப் பிரிவை 1916இல் அவர்கள் எழுப்பி, விவசாயிகளைப் பிடித்துச் சாலை போட வைத்தார்கள். கயிற்றில் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்டவர்களும் உண்டு. ஷார்லமான் பெரால்ட் தலைமையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவே பெரிய காரணம். அவர் 1919இல் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் நஞ்சு விளக்கத்தை மறுப்பவர்களின் எளிய சூத்திரம் ஒன்றையும் தவிர்க்க வேண்டும். ஜாம்பி என்றாலே அடிமை முறையின் நினைவு என்று பலர் நேர்கோடு போடுகிறார்கள். பதிவுகள் அவ்வளவு நேராக இல்லை. குவாதலூப்பில் வாழ்ந்த ப்ளெஸ்ப்வாவின் 1697ஆம் ஆண்டு நூலில் ஜாம்பி கண்ணுக்குத் தெரியாத ஆவி. மோரோ தெ சேன்-மெரி 1797இல் விவரித்த ஜாம்பியும் ஆவிதான். பிணம் எழுந்து வேலை செய்யும் உருவம் அடிமைக் காலப் பதிவுகளில் முன்னால் நிற்கவில்லை. அது பளிச்சென்று தெரியவருவது இருபதாம் நூற்றாண்டில், கரும்பாலையும் கட்டாய உழைப்பும் திரும்பியபோது. இன்றைய ஹைட்டியிலும் உடலுள்ள ஜாம்பி ஒரு வகை மட்டுமே. இறந்தவரின் ஆன்மாவில் ஒரு பகுதியைப் புட்டியில் அடைத்து, தோட்டத்தைக் காக்கவோ வியாபாரம் பெருகவோ வேலை வாங்கும் ஆவி ஜாம்பி இன்னொரு வகை. நஞ்சூட்ட அதற்கு உடலே கிடையாது. நஞ்சு விளக்கம் நம்பிக்கையின் இந்தப் பாதியைத் தொடக்கூட முடியாமல் நிற்கிறது.

திரைப்பட ஜாம்பியைப் பேத்தை மீனோடு சேர்ப்பது அதைவிடத் தொலைவு. விக்டர் ஹால்பெரினின் 1932ஆம் ஆண்டுப் படமான ‘வெள்ளை ஜாம்பி’யில் ஹைட்டியின் சாயல் உண்டு. ஆலையில் ஓர் ஆள் அரவைக்குள் விழுந்துவிடுகிறான். மற்றவர்கள் செக்கைச் சுற்றுவதை நிறுத்துவதில்லை. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலோ மந்திரவாதியும் இல்லை, எஜமானும் இல்லை, வேலையும் இல்லை. பிணங்கள் மனிதரைத் தின்கின்றன. ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய இரத்தக் காட்டேரி நாவல்தான் அதற்குத் தூண்டுதல். படத்தில் யாரும் அவற்றை ஜாம்பி என்று அழைப்பதுகூட இல்லை; பார்த்தவர்கள் பிறகு சூட்டிய பெயர் அது. தமிழில் 2016இல் வந்த ‘மிருதன்’ வரை கடித்துத் தொற்றும் ஜாம்பிகள் எல்லாம் இந்தக் கிளையில் பிறந்தவை. ஹைட்டியின் கதைகளில் ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. அங்குள்ளவர்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சுவதைவிட, தாங்கள் ஜாம்பியாக்கப்பட்டுவிடுவோமோ என்றே அஞ்சுகிறார்கள்.